குழிக்குள்ளிருந்து வந்த குரல்

— ஏன் சத்தத்தைக் காணோம்? ஏய் மொதினத்! வாய் நெறைய அக்கரா வடையை வச்சுக்கிட்டு இருக்கியா?

— பசை டப்பா மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்துக்கிட்டு இருந்தேன் சிலிஃபத்தக்கா. அதுக்குள்ள இந்தக் கத்து கத்துறீங்களே.

— கத்தாம என்ன பண்ண? எறங்கும்போது என்ன பேசிக்கிட்டோம்? நீ குழிக்குள்ள இருக்கிற வரைக்கும் உன் சத்தம் மேல வந்துக்கிட்டே இருக்கணும். நின்னா நான் தெருவையே கூட்டிருவேன், ஆமா.

— தெருவில யாரு இருக்கா? அத்தனை பேரும் கல்யாணத்துக்குப் போயாச்சு. நம்ம வீட்டு ஆடு மட்டும்தான் இருக்கு.

— அப்ப ஆட்டைக் கூப்பிடுறேன்.

— அதுகிட்டதான் உங்களுக்குப் பேச்சுவார்த்தை எல்லாம். ஹாஜியாரை அடக்கம் பண்ணின நாளுக்கப்புறம் இன்னைக்குத்தான் எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க, தெரியுமா?

— ஏன், ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசாமலா இருந்தேன்?

— ஆட்டுகிட்ட பேசினீங்க. "ஏ ஆடே, அடுப்படியில அமலாக் களி மூடி வச்சிருக்கேன், பசிக்கிறவங்க போட்டுத் தின்னுக்கட்டும்"னு. பாவம், அதுவும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

— சக்களத்திகிட்ட கொஞ்சிக் குலாவணுமாக்கும்? ஆட்டுக்கு உன்னைவிட மரியாதை தெரியும். சரி, நிறுத்தாத. எதையாவது சொல்லு. இப்ப என்ன பண்ற?

— குழாயோட அடி வளைவை ஒட்டப்போறேன். இது ஒண்ணுதான் பாக்கி. இது முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது, சரியா?

— எனக்கென்ன தெரியும்? வீட்டுக் கொல்லையில ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி வச்சிருக்க. பார்க்கிறப்பல்லாம் எனக்கு வேற ஞாபகம்தான் வருது. அதுக்குள்ள நீயா எறங்கி நிக்கிற. என்ன பண்றேன்னு வெளக்கமாச் சொல்லு, கேட்டுக்கிட்டாவது இருக்கேன்.

— நாலு மீன் தொட்டித் தண்ணியும் தானா சரிஞ்சு முதல் பீப்பாய்க்கு வருது இல்லையா? மீனோட கழிவெல்லாம் அதுல அடியில தங்கிரும். தெளிஞ்ச தண்ணி ரெண்டாவது பீப்பாய்க்குப் போகும். அதுல நாம பொறுக்கின பாட்டில் மூடி இருக்கு.

— நாம என்ன நாம? நானா பொறுக்கினேன்? கல்யாண வீடு கல்யாண வீடா நீ மேசைக்கு அடியில குனிஞ்சு மூடி பொறுக்கினதுல எம்மானம் போச்சு. "ஹாஜியார் போனதுல சின்னவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா"ன்னு எங்கிட்டயே கேக்குறாளுங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— "பேதலிக்கறதுக்கு மொதல்ல இருந்திருக்கணுமே"ன்னேன்.

— சொல்லியிருப்பீங்க. அந்த மூடியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியேறி, தண்ணியில இருக்கிற விஷத்தைத் தின்னும்க்கா. அப்புறம் தண்ணி இந்தக் குழியில நிக்கிற குழாய்க்கு வரும். அடியில காத்தை ஊதினா குமிழி மேல ஏறும். ஏறும்போது தண்ணியையும் தூக்கிக்கிட்டுப் போய்த் தொட்டியில கொட்டும். பெரிய மோட்டார் வேண்டாம். மாமரத்தடியில ஒரு சின்ன காத்து ஊதி, ஒரு பாட்டரி, கூரையில ஒரு சோலார் தகடு. கரண்ட்டு போனாலும் ஓடும், பெட்ரோல் இல்லைன்னாலும் ஓடும்.

— காத்து தண்ணியைத் தூக்குமாம். நான் நாப்பது வருஷமா தலையில தண்ணி தூக்குறேன், ஒரு காத்தும் கை குடுக்கலை.

— பார்க்கத்தானே போறீங்க. குழி இவ்வளவு ஆழம் இருந்தாத்தான் அந்தத் தூக்கு கெடைக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடு.

— அது கெடக்கட்டும். அங்க மூச்சு விட முடியுதா? பக்கத்துத் தெரு சக்கிருவும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே கெணத்துல எறங்கினான். தூக்க எறங்கின தம்பியும் மேல வரலை.

— அதை நெனச்சுத்தான் ஊதியோட குழாயை என் கூடவே கீழ கொண்டுவந்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா காத்து வருது. மாமரத்தடி காத்து, ஜம்முனு இருக்கு. மீனுக்கு வச்ச காத்தை நான் குடிச்சுக்கிட்டு இருக்கேன். பயப்படாதீங்க.

— பயப்படாதேன்னா? பேச்சு நின்னாலே எனக்கு ஹாஜியார் போன நாள்தான் ஞாபகத்துக்கு வருதுடி. அன்னைக்கு நான் எவெதுக் கீரை கடைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஹாஜியார் உள்ள கட்டில்ல இருந்தாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு. "சிலி, அந்த..."ன்னாரு. அத்தோட நின்னுச்சு. ஏதோ யோசிக்கிறாருன்னு நான் பாட்டுக்குக் கடைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

— ...

— ஏய்!

— இருக்கேன், இருக்கேன். இதை நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லையே.

— ஆட்டுகிட்ட சொன்னேன். அந்த எதுன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது. அந்தச் செருப்பா, அந்தத் தண்ணியா, அந்தச் சன்னலா... நீ பேசு. எனக்கு இது பேசப் புடிக்கலை.

— மழை புடிச்சுக்கிச்சு போல. மேல தகரத்துல சடசடன்னு கேக்குது.

— சாய்ச்சு அடிக்குது. உன் குழிக்கு மேல போட்ட தகரம் நிக்குமா?

— நிக்கும். கல்லு வச்சிருக்கேன். ஒட்டின எடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சுக்கணும், இப்ப என்னால கையை எடுக்க முடியாது. மழை வலுக்கிறதுக்குள்ள மேல வந்துருவேன்.

— பொறு, ஜெனரேட்டர் நனையுது. அது நின்னா பழைய மோட்டார் நின்னுரும். ரெண்டு நாளாத் தண்ணி மாத்தாம மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நான் அதைத் தீவனக் கொட்டகைக்குள்ள இழுத்து வச்சுட்டு வரேன்.

— சீக்கிரம் வாங்க. நீங்களும் சத்தம் குடுத்துக்கிட்டே போங்க. எனக்கும் இங்க தனியா ஒரு மாதிரியா இருக்கு.

— இழுக்குறேன்... இந்தா... என்ன கனம் கனக்குது சனியன்... உள்ள வந்தாச்சு. ஓடட்டும். கேக்குதா?

— கேக்குது, கேக்குது.

— சாரல் தீவன மூட்டை மேல அடிக்குதுடி. தார்ப்பாயை எறக்கி விடுறேன். உன்னைக் கண்ணால பார்க்க முடியாது, காதுக்குக் கேக்கும். மூணு பக்கமும் தகரம், நல்லாக் கதகதப்பா இருக்கு. நீ மட்டும் அங்க சேத்துல கெடக்க.

— உங்க பெரியவன்கிட்ட சொல்லுங்க போன்ல, கொல்லையில சின்னம்மா தங்கம் தேடுறான்னு.

— போனு அடுப்படியில சார்ஜ்ல கெடக்கு. ஏண்டி, ஒண்ணு கேக்கவா? இதெல்லாம் எதுக்குப் பண்ற? உனக்குப் புள்ளையா குட்டியா? சின்ன வயசு. அவர் போனதும் உன் பங்கை வாங்கிக்கிட்டு இசேயினுக்கு, உன் அம்மா வீட்டுக்கே போயிருவன்னுதான் நான் நெனச்சேன். எம்புள்ளைங்களும் அதான் சொன்னாங்க.

— போகலாம்னுதான் இருந்தேன்.

— அப்புறம்?

— அந்த ஜெனரேட்டர் ரிப்பேரான வாரம் ஞாபகம் இருக்கா? தண்ணி மாத்த முடியாம அதுங்க கழிவே அதுங்களுக்கு விஷமாகி, மூணாவது தொட்டி முழுக்க வயித்தைக் காட்டிக்கிட்டு மெதந்துச்சே. நீங்க ஒருத்தியா இடுப்புத் தண்ணியில நின்னு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சீங்க. தூக்கி எறியலை, வச்சீங்க. நான் சன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

— பார்த்துக்கிட்டு நின்னியே, எறங்கி வந்தியா?

— வந்தா ஆட்டைக் கூப்பிட்டு என்னைத் திட்டியிருப்பீங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த வீட்டுல இன்னொரு தடவை அப்படி மீன் சாகக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் போறதா இருந்தா போகலாம்னு... அய்யோ!

— என்னது? என்னடி? மொதினத்!

— ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் மண்ணு சரிஞ்சுது.

— கொஞ்சம்னா?

— கொஞ்சம்தான்.

— பொய் சொல்லாத. உன் குரலே சரியில்ல. புதுத் துணி வாங்கிட்டு வந்து ஹாஜியார்கிட்ட "இந்தத் துணி பழசு"ன்னு சொல்லுவியே, அதே குரல். எதுவரைக்கும் வந்திருக்கு?

— முழங்கால் வரைக்கும்.

— காலை எடு பார்ப்போம்.

— வரலை. களிமண்ணுக்கா, கவ்விப் புடிச்சிருக்கு. ஏணியும் சாஞ்சு மண்ணுக்குள்ள மாட்டிக்கிச்சு.

— அல்லாவே! நான் வரேன். இந்தா வந்துட்டேன்.

— வராதீங்க! நில்லுங்க! கரை முழுக்க ஊறிப்போயிருக்கு. நீங்க காலை வச்சா மிச்ச மண்ணும் எம்மேலதான் விழும். இருந்த எடத்துலேயே இருங்க. அசையாதீங்க, சரியா? கையில சிமெண்டு கரண்டி இருக்கு. நானே தோண்டி எடுத்துக்குவேன்.

— சத்தியமா?

— சத்தியமா. குழாய் ஒட்டிக்கிச்சு, அது அசையலை. நீங்க பேசுங்க. இப்ப உங்க முறை. எனக்குப் பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க.

— நான் என்ன பேச... தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதுறேன். நீ தோண்டு. நீ சாப்பிட்டியா?

— காலையில அகாமுக் கஞ்சி குடிச்சேன். ஒரு பக்கம் எளகுது... தோண்டத் தோண்ட சரியுது.

— சரியட்டும். சரியச் சரியத் தோண்டு. எனக்கு நெஞ்சு படபடங்குது. தலை வேற விண்ணுவிண்ணுங்குது. பதறினாலே எனக்குத் தலைவலி வந்துரும்.

— கண்ணை மூடிக்கிட்டு ஓதுங்க. நான் இருக்கேன்.

— நீ அந்த மொத நாள் வந்தப்ப ஒரு மஞ்சள் பெட்டி கொண்டாந்தியே. அந்தப் பெட்டியைத் தூக்கி வாசல்ல எறியணும்னு நெனச்சேன். தூக்கிப் பார்த்தா கனமே இல்ல. உள்ள ரெண்டே துணி. எறிய மனசு வரலை.

— எனக்குத் தெரியவே தெரியாதே.

— எனக்குத் தெரியும்ல. ஆ... ஆவ்... கொட்டாவியா வருது. நீ சாப்பிட்டியா?

— இப்பத்தானே சொன்னேன். அகாமு.

— ஆமா, அகாமு. இந்த மழை ஒரு தூக்கத்தைக் குடுக்குது பாரு. கண்ணு சொருகுது.

— தூங்காதீங்க. இந்த நேரத்துலயா தூக்கம் வரும்? ஒரு கால் கிட்டத்தட்ட வந்துருச்சு. ஓதுங்க, சத்தமா ஓதுங்க.

— ஓதிக்கிட்டுத்தான் இருக்கேன். மணி கையிலேருந்து விழுந்துருச்சு. எடுக்கணும்... குனிஞ்சா வாந்தி வருதுடி. வயித்தைப் பெரட்டுது. மொதினத், நீ சாப்பிட்டியா?

— அக்கா.

— ம்.

— மூணாவது தடவை கேக்குறீங்க.

— கேட்டேனா? இல்லையே.

— அக்கா, ஜெனரேட்டர் எங்க இருக்கு?

— இங்கதான். என் பக்கத்துலதான். நல்லா ஓடுது. கேக்கலையா?

— தார்ப்பாய்?

— எறக்கி விட்டாச்சு. சாரலே இல்ல. கதகதப்பா...

— அக்கா வெளிய வாங்க! எந்திரிங்க! அந்தப் புகை! மூணு பக்கமும் தகரம், நாலாவது பக்கம் தார்ப்பாய், உள்ள நீங்களும் அதுவும்! அந்தப் புகை ஆளைக் கொன்னுரும்க்கா, வாசனையே தெரியாது! ரேடியோவுல எத்தனை தடவை சொன்னான், குடும்பமே தூக்கத்துல போயிருச்சுன்னு! எந்திரிச்சு வெளிய வாங்க!

— நீதானே அசையாதேன்ன.

— சொன்னேன், தப்பு, தெரியாமச் சொல்லிட்டேன்! இப்ப சொல்றேன், அசைங்க! குழிப் பக்கம் வேண்டாம், மாமரத்துப் பக்கம் போங்க!

— கத்தாதடி. தலை வலிக்குது. கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் சாஞ்சுக்கிட்டு அப்புறம் வரேன்.

— அப்புறம் கெடையாது! அக்கா! யாராவது இருக்கீங்களா? யாராவது வாங்களேன்! பெரியக்கா உள்ள மாட்டிக்கிட்டாங்க! யாருமே இல்லையா?

— யாரைக் கூப்பிடுற?

— உங்களைத்தான்! ஐயோ, இந்தக் கால்... வா, வா, வெளிய வா சனியனே... அக்கா, நான் உங்க சின்னவ சொல்றேன், ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க. ஜென்மத்துக்கும் இனிமே கேக்க வேண்டாம். தார்ப்பாயைத் தூக்குங்க.

— சத்தம் மண்ணுக்குள்ளேருந்து வருது.

— ஆமா, நான் குழியிலதான் இருக்கேன்!

— மண்ணுக்குள்ளேருந்து... ஹாஜியார்? நீங்களா?

— நான் மொதினத்!

— ஹாஜியார், அங்க ஈரமா இருக்கா? மழை உள்ள வருதா? நல்லாக் குத்தி மூடச் சொன்னேனே. ஒழுகுதா?

— அக்கா, நான் ஹாஜியார் இல்ல. அவர் போயிட்டாரு. எம்பேரைச் சொல்லுங்க பார்ப்போம். மொ-தி-னத்.

— அவ உள்ள தூங்குறா. அவளை எழுப்பாதீங்க. ராத்திரியெல்லாம் அழுகுறா, செவுத்துல கேக்குது. ஹாஜியார், அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க? "சிலி, அந்த..."ன்னீங்களே. எது? நான் எவெது கடைஞ்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்க்காம இருந்துட்டேன். எதைக் கேட்டீங்க?

— ...

— சொல்ல மாட்டீங்களா?

— சிலி.

— ம்... சொல்லுங்க.

— சிலி, நான்தான். அந்தத் தார்ப்பாயைத் தூக்குன்னு சொல்ல வந்தேன்.

— தார்ப்பாயா?

— ஆமாடி. அன்னைக்குச் சொல்ல வந்தது அதுதான். அந்தத் தார்ப்பாயைத் தூக்கிட்டு வெளிய வா. கேக்குதா?

— அவ்வளவுதானா? நான் என்னென்னவோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— அவ்வளவுதான். எந்திரி. கையை ஊணிக்கிட்டு எந்திரி சிலி. முடியலைன்னா தவழ்ந்து வா.

— நீங்க இங்க வாங்களேன். உங்க பக்கத்துல படுத்துக்கிறேன். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு.

— படுக்காத! எந்திரிடி! நான் சொல்றதைக் கேக்க மாட்டியா? எந்திரிச்சு மழைக்கு வா. மழையில நான் நிக்கிறேன்.

— ம்.

— சிலி! "ம்"ன்னா போதாது. வா. வாடி. சிலி? சிலிஃபத்! பேசு! பேச்சை நிறுத்தாத! அக்கா! சிலிஃபத்தக்கா! வாங்க! வெளிய வாங்க! உங்க கால்ல விழுறேன், வாங்கக்கா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதீங்க, வாங்க, வாங்க...

— ...

— அக்கா?

— ...

— யா அல்லாஹ், ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம் குடு. இருமலாவது குடு.

— ...

— தார்ப்பாய் சத்தமா அது? அக்கா, நீங்களா? ஆடா? யாரு அது?

— ஆ... ஹக்... தண்ணி... மூஞ்சியில...

— மழை! அது மழைக்கா! வெளிய வந்துட்டீங்களா? உடம்பு முழுக்க வெளிய இருக்கா?

— கால் உள்ள இருக்கு.

— அதையும் இழுங்க! இன்னும் தள்ளி வாங்க, மாமரத்துப் பக்கமா. மூச்சை நல்லா உள்ள இழுத்து விடுங்க. இழுங்க... விடுங்க... எனக்குக் கேக்குற மாதிரி விடுங்க.

— வாந்தி...

— எடுங்க, எடுங்க. ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு எடுங்க. வந்துக்கிட்டே இருக்கேன். ஒரு கால் வந்துருச்சு. இன்னொண்ணு செருப்போட மாட்டியிருக்கு, செருப்பு போனாப் போகுது... வா... வந்துருச்சு! அக்கா, வந்துருச்சு! பேசிக்கிட்டே இருங்க!

— என்ன பேச?

— எதையாவது. திட்டுங்க. என்னைத் திட்டுங்க.

— குழி வெட்டினவளே... மூடி பொறுக்கி... எம்மானத்தை வாங்கினவளே...

— அப்படித்தான். இன்னும் சத்தமா.

— உன் பாட்டிலும் நீயும்... எப்படிடி மேல வரப்போற? ஏணி?

— ஏணியோட மேல்பாதி மண்ணுக்கு வெளியதான் இருக்கு. கரையில கை வைக்கத்தான் பயமா இருக்கு.

— மாமரத்துல ஆடு கட்டின கயிறு தொங்குது. பொறு. தவழ்ந்தே போறேன். கயித்தை மரத்துல சுத்தி, மறுமுனையைத் தகரத்து இடுக்கு வழியா உனக்கு எறியுறேன்.

— உங்களால முடியாதுக்கா.

— வாயை மூடு. இல்ல, மூடாத. பேசு. சுத்தியாச்சு. இந்தா, வருது. புடிச்சியா?

— புடிச்சுட்டேன். கரைக்குக் கிட்ட வராதீங்க. நானே ஏறுறேன். ஒண்ணு... ஐயோ, சரியுது... இல்ல, இல்ல, கயிறு தாங்குது. தகரத்தைத் தள்ளுறேன். தலை வெளிய வந்துருச்சு. அக்கா, உங்களைப் பார்க்குறேன்.

— நானும் பார்க்குறேன். ரெண்டு மொதினத் தெரியுது.

— அப்ப நிச்சயமா ஆஸ்பத்திரிதான். அசையாம இருங்க. மொதல்ல மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போய் அந்த எமனை அணைச்சுட்டு, தார்ப்பாயைப் பிச்செறிஞ்சுட்டு வரேன்.

— போகாதடி! நீயும் உள்ள விழுந்துட்டா?

— கைக்கு எட்டுற தூரம்தான். தார்ப்பாயை மொதல்ல வெளியேருந்தே இழுத்துடறேன்... இந்தா... நின்னுருச்சு. கேட்டீங்களா? நின்னுருச்சு.

— மோட்டாரும் நின்னுருச்சே. மீனு?

— இப்பவும் மீனா?

— மீனுதாண்டி. பாரு, எல்லாம் மேல வந்து நிக்குது. உன் காத்து தண்ணியைத் தூக்குமா தூக்காதா? இவ்வளவு பாடுபட்டு வெட்டின குழி சும்மா கெடக்கணுமா?

— குழியிலேருந்து ஊதியோட குழாயை உருவி, தண்ணிக் குழாயோட காத்து வாயில மாட்டணும். அவ்வளவுதான். வழுக்குது... மாட்டிக்கிச்சு. வால்வைத் திறக்குறேன். அக்கா, எனக்கு இதுலயும் பயமா இருக்கு. வேலை செய்யலைன்னா?

— வேலை செய்யலைன்னா திட்டுறதுக்கு நான் உசிரோடதானே இருக்கேன். திற.

— திறந்துட்டேன். குமிழி சத்தம் கேக்குது.

— தண்ணி எங்க?

— ஏறுது. குழாயில ஏறுது, பாருங்க... பாருங்க, கொட்டுது! முதல் தொட்டியில கொட்டுதுக்கா!

— இவ்வளவு மெதுவா?

— மெதுவாத்தான். ஆனா நிக்காது.

— சத்தமே இல்ல. இத்தனை வருஷத்துல இந்தக் கொல்லை இப்படி அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல. எம்பக்கத்துல வந்து உக்காரு. ஏன் அழுகுற?

— உங்களைத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போகணும். வண்டி ஏதாவது வரும். ஆக்சிஜன் வைக்கணும், ரத்தம் பார்க்கணும். கழுத்தைக் கட்டிக்கோங்க.

— போகலாம், போகலாம். மொதல்ல எதுக்கு அழுகுறேன்னு சொல்லு.

— உங்களை ஏமாத்திட்டேன்க்கா. உங்க மூளை குழம்பியிருந்த நேரத்துல ஹாஜியார் மாதிரி பேசினேன். செத்தவர் குரலை எடுத்துப் பேசினது பாவம். அவர் கடைசியா என்ன சொல்ல வந்தாரோ, அதையும் நானா ஒண்ணைச் சொல்லி... எனக்கு வேற வழி தெரியலை. நான் கூப்பிட்டா வரமாட்டீங்க, அவர் கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவீங்கன்னு நெனச்சேன். வந்துட்டீங்க. ஆனாலும் மனசு அறுக்குது.

— அடி பைத்தியக்காரி. அவர் "வாடி"ன்னு கூப்பிட்டப்ப நான் எங்க எந்திரிச்சேன்? அவர்கிட்டதானே போறோம்னு நல்லா காலை நீட்டிப் படுத்துட்டேன். அப்புறம் "வாங்க, வாங்க"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு... ஹாஜியார் எந்தக் காலத்துல என்னை "வாங்க"ன்னாரு? நம்ம சின்னவ தனியா குழிக்குள்ள கெடக்காளேன்னு அப்பத்தான் எந்திரிச்சேன்.